கறுப்பு ரொட்டி இரண்டு துண்டு

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் சீமைக்கருவேல முள் மண்டிக் கிடந்த மேட்டை வெட்டிச் சமன்படுத்தித் தகரச் செட் போட்டவன் நான். அப்போது அந்தப் பக்கம் பஸ் கிடையாது, கரண்ட் கம்பி கிடையாது, குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். பழைய பின்னல் மெஷின் இரண்டை வைத்து ஆரம்பித்தேன். அவை ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். பிறகு எங்கள் ரோட்டிலேயே முதலாவதாக ஜெர்மன் மெஷினை இறக்கினேன். அதை வேடிக்கை பார்க்க அவிநாசியிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். மழை இல்லாத வருஷம், நூல் கிடைக்காத வருஷம், கரண்ட் பாதி நாள் வராத வருஷம், எதிலும் என் ஷிப்ட் நின்றதில்லை. மூலனூர்ப் பக்கம் வானம் பார்த்த காட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பன்னிரண்டு வயதில் பனியன் கம்பெனியில் துணி மடிக்கப் போனவன். இங்கிலீஷில் என் கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுத வராது. ஆனால் ஏழு நாட்டுக்காரன் நான் தைத்த சட்டையைப் போடுகிறான். இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்ளக் கூடாது என்பார்கள். கூட இருந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் தாங்கள்தான் செய்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பின்னே நான் சொல்லாமல் யார் சொல்வது?

கம்பெனிக்கு நாற்பது வருஷம் நிறைகிறது என்று மருமகள் ஒரு விழா மலர் அச்சடித்துப் போடுகிறாள். போட்டோ, வாழ்த்து எல்லாம் சேர்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "மாமா, நீங்க ஜெர்மனிக்குப் போயிட்டு வந்ததை எழுதிக் குடுங்க. அந்த ரொட்டிக் கதைய மட்டும் உட்றாதீங்க. அதுதானுங்க ஜோரு" என்றாள். அந்தக் கதையைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. எத்தனையோ கல்யாணப் பந்தியில், எத்தனையோ சங்கக் கூட்டம் முடிந்த சாப்பாட்டில் நான் சொல்லியிருக்கிறேன். எங்கள் மேனேஜர் ஜெர்மன்காரர் வீட்டில் விருந்துக்குப் போய், கொடுத்த ரொட்டி தொண்டையில் இறங்காமல் நைசாகக் குப்பை டப்பாவில் போட்டுக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் என்பதுதான் கதை. நான் மேனேஜர் முழித்த முழியை முழித்துக் காட்டினால் பந்தியே குலுங்கும். பரிமாறுகிறவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். மருமகள் கேட்ட அன்றைக்குப் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. ஏனென்றால் அந்த ரொட்டியைப் போட்டவன் நான்.

மேனேஜர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்துக்காரர். கல்யாணமான புதிதில், கைக்குழந்தையும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக மனைவியோடு திருப்பூருக்கு வந்தவர். என்னிடம் பீஸ் செக்கிங்குக்குத்தான் சேர்ந்தார். எந்தச் சட்டையில் எந்தத் தையல் பிரிந்திருக்கிறது என்று தடவியே சொல்லிவிடுவார். ஆறு வருஷத்தில் மேனேஜர் ஆக்கினேன். அதிர்ந்து பேசமாட்டார். என்னை 'மொதலாளி' என்பார். நான் கத்தினால் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, "சரி மொதலாளி, இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு முன்னால் என் கோபம் நிற்காது.

ஜெர்மன் பாஷை அவருக்கு என் மெஷினோடு வந்தது. மெஷினைப் பூட்டிக் கொடுக்க அந்த ஊர் பிட்டர் ஒருவர் மூன்று வாரம் இங்கே தங்கினார். வேலை நேரத்தில் தலை நிமிராத மனுஷன். எடுத்த ஸ்பேனரை எடுத்த இடத்தில்தான் வைப்பார். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கையைக் கழுவிவிடுவார். "ஒரே ஒரு போல்ட்டுதானுங்க பாக்கி, முடுக்கிப் போட்டுப் போலாமுங்க" என்று நான் தமிழில் கெஞ்சினேன். அவர் கடிகாரத்தைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்துவிட்டுக் கிளம்பினார். எனக்குச் சுருக்கென்றது. மேனேஜர் அந்த வார்த்தையை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். "வேல முடிஞ்ச நேரத்துக்குன்னே அவங்க பாசையில ஒரு பேரு வச்சிருக்காங்க மொதலாளி. அதுக்குப் பொறவு அது வீட்டுக்காரங்களுக்கு உள்ள நேரமாம்" என்றார். அந்த நோட்டு அப்படி வளர்ந்தது. பிட்டர் போன பிறகு பழைய புத்தகக் கடையில் பாடப் புத்தகம் வாங்கி, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்தார். மகள் அவரைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட யூனிபாரத்தோடு கம்பெனிக்கு வந்தால், "கண்ணு, ஜெர்மன்ல ஒண்ணு பேசிக் காட்டு சாமி" என்பேன். சரசரவென்று பேசுவாள். எனக்கு ஒரு எழுத்து புரியாது. ஆனாலும் என் வீட்டுப் பிள்ளை பேசுவதுபோல் பெருமையாக இருக்கும்.

அப்புறம் ஜெர்மன் பையர் ஒருவர் வந்தார். எங்கள் துணியை வாங்கி அவர் ஊர்ப்பக்கக் கடைகளுக்குக் கொடுப்பவர். முதல் தடவை வந்தபோதே வீட்டில் இலை போட்டேன். நம் பக்கத்தில் விருந்தாளி வேண்டாம் என்றால் அதற்கு இன்னும் கொஞ்சம் வை என்று அர்த்தம். இரண்டாம் தடவை இலையைக் கையால் மறிப்பார், மறித்த கைக்கு மேலேயே ஊற்ற வேண்டும். அதுதான் மரியாதை. பையருக்கு அது தெரியாது. ஒருதடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நாங்கள் வைத்துக்கொண்டே இருந்தோம். வைத்ததை எல்லாம் மனுஷன் முகம் சிவக்கச் சிவக்கத் தின்று முடித்தார். இலை காலியானதைப் பார்த்து மறுபடியும் வைத்தோம். கடைசியில் மேனேஜர்தான் என் காதருகில் வந்து, "போதும் மொதலாளி. அவங்க வீட்டுல தட்டுல வச்சத மிச்சம் வைக்க மாட்டாங்க. அவுங்கப்பா சண்டைக்குப் பொறவு பட்டினி கெடந்து வளந்தவரு. ரொட்டித் துண்டு ஒண்ணு வீணாப் போனாக்கூட பொறுக்க மாட்டாராம்" என்றார். நான் கேட்டுக்கொண்டேன். அதாவது எனக்கு முன்பே சொல்லப்பட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை.

பையருக்கு மேனேஜரை மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த வருஷம் வந்தபோது மேனேஜர் வீட்டுக்கே போய் மீன் குழம்பு சாப்பிட்டார். அங்கே மகள் அவரிடம் அவர் பாஷையில் பேசினாள். பிளஸ் டூ முடிக்கப் போகிற சமயம். அவர்கள் ஊரில் மில்லிலேயே வேலை கற்றுக்கொண்டு, வாரத்தில் சில நாள் பள்ளிக்கூடமும் போகிற மூன்று வருஷப் படிப்பு ஒன்று இருக்கிறது, துணி பற்றிய எல்லாமே அதில் வந்துவிடும் என்று பையர் சொன்னார். பெண்ணுக்குக் கண் விரிந்துவிட்டது. ஆனால் அம்மாக்காரி, தங்குவதற்கு ஒரு குடும்பம் இருந்தால்தான் அனுப்புவேன் என்று ஒரே பிடி. "எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. ஆனால் வீடு என் அப்பாவுடையது. நீங்கள் ஊருக்கு வரும்போது அவரிடம் நேரில் கேளுங்கள், சரி என்பார்" என்றார் பையர். அந்த வருஷம் வியாபாரக் கண்காட்சிக்கு நானும் மேனேஜரும் ஜெர்மனிக்குப் போனோம். நான் ஆர்டருக்காகப் போனேன். மேனேஜர் சட்டைப் பையில் மகளுடைய மார்க் ஷீட் ஜெராக்ஸை நான்காக மடித்து வைத்துக்கொண்டு வந்தார்.

கண்காட்சி முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பையர் வீட்டுக்கு ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். ரயிலில் ஒரு சின்ன ஊர். கடை எல்லாம் சாத்தி, தெருவில் ஒரு சத்தம் இல்லை. ஐந்தே முக்காலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். மேனேஜர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "போலாமா மொதலாளி?" என்றார். "இருங்க. சொன்ன நேரத்துக்குப் போய் நின்னா காஞ்சு போயி வந்தாப்புல இருக்கும். பெரிய மனுசன் கொஞ்சம் லேட்டாத்தான் போகோணும்" என்று ஆற்றங்கரையில் நடந்தேன். அவர் மணியைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். நாங்கள் கதவைத் தட்டியபோது ஆறே முக்கால். பையரும் அவர் மனைவியும் வாசலிலேயே இருந்தார்கள். வயதான அப்பா சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தபடி காத்திருந்தார். எண்பதை நெருங்கியவர், நீளக் கை, கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டை. எல்லாரும் உட்காராமல் அந்த வீட்டில் ஒருவரும் சாப்பாட்டில் கை வைப்பதில்லையாம். முக்கால் மணி நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

செருப்பைக் கழற்றியதும் உள்ளே போட்டுக்கொள்ளக் கம்பளிச் செருப்பு கொடுத்தார்கள். முதலில் மாடி அறையைக் காட்டினார்கள். ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, கட்டிலில் தடித்த ரஜாய்ப் போர்வை இரண்டாக மடித்து வைத்திருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வாசம். மேனேஜர் மேஜையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார், துணியைத் தடவிப் பார்ப்பதுபோல். "இங்கனதான் மொதலாளி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கீழே வந்து உட்கார்ந்தோம். என் வீட்டில் அவருக்குப் பதினேழு வகை போட்டவன் நான். பதிலுக்கு என்ன வரப்போகிறது என்று பார்த்தேன். எனக்கு முன்னால் தட்டுகூட இல்லை, ஒரு சின்ன மரப்பலகை. நடுவில் வெண்ணெய், நாலைந்து தினுசுச் சீஸ், வெள்ளரிக்காய் ஊறுகாய், நறுக்கிய முள்ளங்கி, அவித்த முட்டை. அடுப்பில் எதுவும் இல்லை. குடிக்கச் சோடா கலந்த ஆப்பிள் ஜூஸ். பெரியவர் ஒரு முழு ரொட்டியை எடுத்தார். எங்கள் ஊர் கருங்கல் மாதிரிக் கறுத்து உருண்ட ரொட்டி. அதைத் திருப்பி, கத்தி முனையால் அடிப்பக்கத்தில் மூன்று சிலுவை கீறினார். பிறகு நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக் கத்தியைத் தன் பக்கமாக இழுத்து, ஒரே கனத்தில் துண்டு துண்டாக அறுத்தார். முதல் இரண்டு துண்டை என் பலகையிலும் அடுத்த இரண்டை மேனேஜர் பலகையிலும் தன் கையால் வைத்தார். மேனேஜர் சிலுவையைப் பார்த்ததும் தலை குனிந்து வாய்க்குள் ஜெபம் பண்ணினார். பெரியவர் அதைப் பார்த்தார். அவர் முகம் இளகியதை நானும் பார்த்தேன். முக்கால் மணி நேரக் கோபம் அந்த இடத்தில் போய்விட்டது.

நான் ஒரு கடி கடித்தேன். புளிப்பு. அழுத்தினால் திரும்பி வராத கனம். எனக்கு ஊசிப்போனதாகவே பட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கே அவர்கள் பாஷையில் மாலை ரொட்டி என்றுதான் பேர் என்பதும், மத்தியானம்தான் சூடாகச் சமைப்பார்கள் என்பதும், வெளியூர் வியாபாரிகளை ஓட்டலுக்குத்தான் கூட்டிப் போவார்கள், வீட்டு மேஜையில் ரொட்டி அறுத்துக் கொடுப்பது தன் மனுஷனுக்கு மட்டும்தான் என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. நாங்கள் பன்றியும் மாடும் தின்ன மாட்டோம் என்று பையர் சொல்லியிருந்ததால், தினமும் அது இல்லாமல் சாப்பிடாத பெரியவர் அன்றைக்கு மேஜையில் அதை வைக்கவே விடவில்லையாம். அதுவும் பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. என்னை மட்டமாக எடை போட்டுப் பழைய ரொட்டியைப் பலகையில் வைத்திருக்கிறான். நான் யார் தெரியுமா இவனுக்கு?

எல்லாரும் பேச்சில் இருந்தபோது இரண்டு துண்டையும் டிஷ்யூ பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு கை கழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். மேனேஜர் பார்த்துவிட்டார். கண்ணால் வேண்டாம் என்றார். நான் போனேன். தொட்டிக்குக் கீழே மூன்று டப்பாக்கள் இருந்தன. குப்பையில் என்ன சாதி பிரிப்பது என்று கையில் கிடைத்ததில் போட்டுவிட்டு வந்தேன். அது காகிதம் மட்டும் போடுகிற டப்பா. கொஞ்ச நேரத்தில் பெரியவர் சீஸ் சுற்றி வந்த காகிதத்தைப் போட எழுந்து போனார். கை துடைத்த பேப்பர் காகித டப்பாவில் கிடக்கிறதே என்று எடுத்திருக்கிறார். கனமாக இருந்திருக்கிறது. பிரித்திருக்கிறார்.

திரும்பி வந்து, மேஜை நடுவில் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் அந்த இரண்டு துண்டையும் வைத்தார். ஒன்றில் என் பல் பட்ட இடம் அரைவட்டமாக இருந்தது. மணி ஏழரை, ஜன்னலில் இன்னும் நல்ல வெயில். ரொட்டி ஒவ்வொரு துவாரத்தோடும் தெரிந்தது. பெரியவர் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. பையர் அதை மொழிபெயர்க்கவில்லை, மேஜை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாஷை தெரியாது, ஆனால் எதைப் பற்றிய பேச்சு என்று தெரியாமலா இருக்கும்? வாயைத் திறந்து நான்தான் என்று சொல்லத் தமிழ் போதும். நெஞ்சைத் தொட்டுக் காட்டக்கூடப் போதும். அடுத்த சீசன் ஆர்டர், கம்பெனி பேர், என் மீசை, எல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. நான் என் பலகையைப் பார்த்தேன்.

மேனேஜர் எழுந்து நின்றார். பெரியவரைப் பார்த்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ஜெர்மனில் இரண்டு வாக்கியம் சொன்னார். பிறகு கையை நீட்டி, நான் கடித்து வைத்திருந்த துண்டை எடுத்து, நின்றபடியே தின்றார். வெண்ணெய் இல்லாமல், சீஸ் இல்லாமல், மென்று, விழுங்கி, அடுத்த துண்டையும் எடுத்துத் தின்று முடித்தார். நம் பக்கத்தில் ஒருவர் எச்சிலை இன்னொருவர் தின்பதென்றால் அது பெற்றவள் பிள்ளைக்குச் செய்வது. எனக்கு என்ன உறவு என்று அவர் தின்றார்? பெரியவர் ஒருதடவை தலையசைத்தார். நாங்கள் கிளம்பும்வரை மேனேஜரின் கை, மார்க் ஷீட் இருந்த சட்டைப் பைக்குப் போகவே இல்லை.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "ஏனுங்க மேனேஜரே, கெழவன் என்னதான் சொன்னான்?"

"அவருக்கு ஏழு வயசாம் மொதலாளி, சண்ட முடிஞ்சப்போ. அவங்கம்மா வீட்டுக் கடிகாரத்தக் குடுத்து அனுப்புனாங்களாம், வெவசாயக்காரங்ககிட்ட ரொட்டி மாத்திட்டு வரச்சொல்லி. சின்னத் தங்கச்சி ஒண்ணு. ரொட்டித் துண்டக் கையில வச்சுக்கிட்டேதான் தூங்குமாம். தின்னுட்டா தீந்து போயிருமேன்னு."

"செரி, நீங்க புள்ளைக்கு ரூம் கேட்டீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "எப்படிக் கேக்க மொதலாளி? அவரு அறுத்துக் குடுத்த ரொட்டிய எறிஞ்சிட்டு, எம் மகளுக்குச் சோறு போடுங்கன்னு எப்படிக் கேக்க?"

அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "உடுங்க, புளிச்ச ரொட்டிக்கு இத்தன ஆர்ப்பாட்டமா?" என்றேன். என்னை நன்றாக அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். மேடை ஏறினால் நான் தவறாமல் சொல்வது, மழை பொய்த்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு மாதம் முருங்கைக் கீரையை மட்டும் அவித்துத் தின்றோம் என்பது. உப்பில்லாமல் தின்றோம் என்று சொல்லும்போது கை தட்டுவார்கள். அந்தப் பெரியவரும் நானும் ஒரே பசியில் வளர்ந்தவர்கள். அவர் ரொட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு பிழை என்று ஆறிப் போயிருப்பேன். இரண்டு மாதம் கழித்துப் பையரிடமிருந்து கம்பெனிக்கு மெயில் வந்தது. மேனேஜர்தான் படித்துச் சொன்னார். 'அப்பாவுக்கு வருத்தம் இல்லை. தின்று முடித்த மனுஷனைப் பற்றி அடிக்கடி பேசுகிறார். அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பெண் வருகிறாளா?' மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்டது அனுமதி இல்லை, யோசனை. பெண் அந்த வீட்டில் மூன்று வருஷம் இருந்தால் என்றாவது ஒருநாள் உண்மை வெளியே வந்துவிடும் என்று எனக்குப் பயம். "பொட்டப்புள்ளைய அத்தன தூரம் எதுக்குங்க? இங்க இல்லாத படிப்பா? நானே காலேஜ்ல சீட்டு வாங்கித் தாரேன்" என்றேன். வாங்கியும் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்தவன்போல் அதையும் ஊரெல்லாம் சொன்னேன். அவர் பையருக்கு, மகள் மனதை மாற்றிக்கொண்டாள் என்று பதில் எழுதினார். அந்த மாடி அறைக்கு அவள் போகாமல் போனது ரொட்டியால் மட்டும் இல்லை. என் வாயால்.

அப்புறம் அதை ஜோக் ஆக்கினேன். எப்போது ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. முதல் தடவை சொன்னபோது மேனேஜர் எதிரில்தான் இருந்தார், சிரித்தார். அந்தச் சிரிப்பை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். ஒரு கிறிஸ்துமஸ் அன்று அவர் வீட்டிலேயே, கேக்கைத் தின்றுகொண்டே சொன்னேன். மகள் கதவருகில் நின்று கேட்டாள். நான் முழித்துக் காட்டியதற்கு எல்லாரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. "அப்பா, ரொட்டிய நீங்களா எறிஞ்சீங்க? அதனாலயா நான் போகல?" என்று கேட்டாள். மேனேஜர் கேக் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "ஆமாம்மா. அப்பாக்கு அன்னைக்குப் புத்தி கெட்டுப் போச்சு" என்றார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கேக்கை விழுங்கினேன்.

அந்தப் பெண் இப்போது டீச்சர். மேனேஜர் நெருப்பெரிச்சலில் கட்டிய வீட்டு மாடியில் நர்சுப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுக்கிறாள். தூத்துக்குடி, நாகர்கோவில், தாராபுரம் என்று எங்கெங்கிருந்தோ வந்து தங்கிப் படித்து, அந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவளிடம் படித்துப் போனவர்கள் போட்டோ சுவர் நிறைய ஒட்டியிருக்கிறது. அவள் மட்டும் ஒருதடவைகூட அந்த மண்ணை மிதித்ததில்லை.

போன வாரம் அங்கே போனேன். மலருக்கு எழுதும் முன் மேனேஜரைப் பார்த்து, நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன் என்று சொல்லத்தான் போனேன். அவர் கீழே சேரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து அவள் குரல் கேட்டது.

"சொன்ன நேரத்துக்கு அஞ்சு நிமிசம் முன்னாடி போங்க. சோறு வேண்டாம்னா ஒருதடவ சொன்னாப் போதும், வைக்க மாட்டாங்க, அப்புறம் பசியோட முழிக்காதீங்க. முக்கியமா, ரொட்டிய எறியாதீங்க புள்ளைகளா. எங்கப்பா எறிஞ்சாரு. அதான் ஒங்க டீச்சர் இங்கனயே கெடக்கேன்." மாடியே சிரித்தது. மேனேஜரும் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். எத்தனை பேட்ச், எத்தனை பிள்ளைகள். ஒவ்வொரு வகுப்பிலும் அவர் அப்படிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கினார்கள். பின்னாலேயே வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். "வாங்க அங்கிள்! புள்ளைகளா, இவங்க நேர்ல பாத்த சாட்சி. சொல்லுங்க அங்கிள், எங்கப்பா எப்படி முழிச்சாங்க?" பன்னிரண்டு பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். மேனேஜர் பேப்பரை மடித்தார். "ஆமா கண்ணு, முழிச்சாரு" என்றேன். இந்த வயதில், சொல்ல வேண்டும் என்றே கிளம்பிப் போய், மறுபடியும் அதையே செய்துவிட்டு வந்தேன்.

கேட்வரை வந்து மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கு வந்தீங்கன்னு தெரியுது மொதலாளி. விடுங்க. எம் பேரால நாலு புள்ளைக ரொட்டிய எறியாம இருந்தாச் சரிதான்." வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன். வாயால் முடியாது என்று தெரிந்துவிட்டது, கையாலாவது முடியட்டும்.

மருமகளுக்குச் சொல்கிறேன். இதை ஒரு வரி குறைக்காமல் மலரில் போடு. கம்பெனி கௌரவம் என்று உன் புருஷன் வந்து நின்றால், இது இல்லாத மலரில் என் போட்டோவும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிடு. மேனேஜரைக் கேட்காமல் அவர் பேரை நான் எடுத்துக்கொண்ட வருஷங்கள் போதும். டீச்சரம்மா, உனக்கும் சொல்கிறேன். இதைப் படித்த பிறகு வகுப்பில் இந்தக் கதை வரும்போது என் பேரைச் சொல். இனிஷியலோடு சொல், எந்தக் கம்பெனிக்காரன் என்பதையும் சேர்த்துச் சொல். பிள்ளைகள் என்னை நினைத்துச் சிரிக்கட்டும், அது எனக்கு வந்து சேர வேண்டியது, யாரும் பங்குக்கு வரக் கூடாது. எறிந்தவன் நான். எடுத்துத் தின்றவர் உன் அப்பா. இரண்டையும் மாற்றாமல் சொல்.